படித்தேன் என்று சொன்ன பக்கம்

பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. ஊரில் எல்லோரும் இதை ஒரு குறையாகத்தான் சொல்வார்கள். தேர்தல் வந்தால் மேடையில் சொல்வார்கள், தேர்தல் முடிந்தால் டீக்கடையில் சொல்வார்கள். நான் மட்டும் வாயைத் திறக்க மாட்டேன். ரயில் வந்திருந்தால் அரியலூரில் இருக்கும் என் ஆபீசுக்கு அரை மணி நேரத்தில் போய் இறங்கியிருப்பேன். பஸ் என்பதால் போக ஒரு மணி, வர ஒரு மணி. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி ஏதாவது நடுரோட்டில் மக்கர் பண்ணி நின்றால் இன்னும் அரை மணி. இருபத்திரண்டு வருடத்தில் நான் படித்த புத்தகங்கள் அத்தனையையும் அந்த ரோட்டில்தான் படித்தேன்.

வீட்டில் படிக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். வீட்டில் நான் புத்தகத்தைக் கையில் எடுத்தால், இவள் சும்மாதான் இருக்கிறாள் என்று எல்லோரும் முடிவு கட்டிவிடுவார்கள். ஒருவருக்குக் காபி வேண்டும், ஒருவருக்கு ஒற்றைச் சாக்ஸ் கிடைக்காது. பஸ்ஸில் என்னிடம் யாரும் எதுவும் கேட்க முடியாது. ஜன்னலோர சீட்டு மட்டும் கிடைத்துவிட்டால், பஸ் புறப்பட்ட நிமிடத்திலிருந்து அரியலூர் பஸ் ஸ்டாண்டில் போய் நிற்கும் வரை நான் யாருக்கும் அம்மா இல்லை, யாருக்கும் மருமகளும் இல்லை.

நான் படிப்பது இரண்டே வகைதான். யாராவது தன் வாழ்க்கையைத் தானே உட்கார்ந்து எழுதிய புத்தகம் ஒன்று. வாழ்க்கையில் முன்னேறுவது எப்படி என்று சொல்லித் தருகிற புத்தகம் இன்னொன்று. நாவல் படிக்கிறவர்கள் என்னைக் கொஞ்சம் இளப்பமாகப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். முன்னேறுவதற்காக நான் அவற்றைப் படிக்கவில்லை. இத்தனை படித்தும் அதே ஆபீசில் அதே மேஜையில் உட்கார்ந்திருப்பதே அதற்குச் சாட்சி. சிரிப்பதற்காகப் படிக்கிறேன்.

இப்போது தனியாகச் சிரிக்கிறேன். முன்பு ஒன்பது வருடம் பக்கத்து சீட்டில் டீச்சர் இருந்தார்.

டீச்சருக்குச் சொந்த ஊர் ஏலாக்குறிச்சிப் பக்கம். மாதா கோயிலும் வயலும் பள்ளிக்கூடமும் என்று வளர்ந்த கிறிஸ்தவக் குடும்பம். கூடப் பிறந்தவர்களில் மூன்று பேர் ஆசிரியர்கள். கணவருக்கு ஆலத்தியூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் வேலை. பள்ளிக்கூடத்தில் படிக்கும் ஒரே மகள். பெரம்பலூரில் வாடகை வீடு. டீச்சர் அரியலூரில் ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் எடுத்தார். என்னைவிட ஆறு வயது சின்னவர். என்னை அக்கா என்பார், நான் அவரை டீச்சர் என்பேன். ஒன்பது வருடம் ஒட்டி உட்கார்ந்தும் எங்களுக்குள் அந்த வாங்க, போங்க போகவில்லை. போக வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியதும் இல்லை.

அந்த டீச்சரிடம் நான் ஒரு பொய் சொன்னேன். அவர் எனக்காக எழுதித் தந்த ஒரு பக்கத்தைப் படிக்காமலே படித்தேன் என்று சொன்னேன். அதிலிருந்து ஒரு மாதத்தில் அவர் ஊரைவிட்டுப் போய்விட்டார். அந்தப் பக்கத்தில் என்ன எழுதியிருந்தார் என்று ஏழு வருடமாக எனக்குத் தெரியாது. கேட்கலாம் என்றால் பொய் வெளியே வந்துவிடும். இதை மனதில் வைத்துக்கொண்டுதான் ஏழு வருடமும் அதே ரோட்டில் போய் வந்துகொண்டிருந்தேன்.

நாங்கள் பழகியதே ஒரு புத்தகத்தால்தான். எங்கள் பஸ் ஸ்டாண்டில் காலை நேரத்தில் பஸ் உள்ளே நுழையும்போதே ஜனம் கூடவே ஓடும். கதவு வழியாக ஏறி இடம் பிடிப்பவன் பிழைக்கத் தெரியாதவன். ஜன்னல் வழியாக எதையாவது சீட்டில் போட்டுவிட வேண்டும், பிறகு நிதானமாக ஏறலாம். துண்டைப் போட்டால் அதை மடித்து ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்துகொள்வார்கள். கர்சீப்பைப் போட்டால் கர்சீப்பே இருக்காது. சாப்பாட்டுப் பையைப் போட்டால் சாம்பார் கொட்டும். புத்தகத்தின் மேல் மட்டும் யாரும் உட்கார மாட்டார்கள். கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஜனம். எவ்வளவு முரட்டு ஆளாக இருந்தாலும் சீட்டில் புத்தகத்தைப் பார்த்தால் முணுமுணுத்துக்கொண்டே அடுத்த சீட்டுக்குப் போய்விடுவார். அது ஆறே மாதத்தில் கோடீஸ்வரன் ஆவது எப்படி என்று சொல்கிற புத்தகம் என்பது அவருக்குத் தெரியாது. அவரைப் பொறுத்தவரை அது சரஸ்வதி.

அப்படி ஒரு நாள் புத்தகத்தைப் போட்டுவிட்டு ஏறிப் போனால், என் சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்து என் புத்தகத்தை மடியில் விரித்துப் படித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நகர்ந்து வழி விட்டார். புத்தகத்தைத் தரவில்லை.

"தப்பா நெனச்சுக்காதீங்கக்கா. இந்தப் பக்கத்த மட்டும் முடிச்சுட்டுத் தந்துடறேன்."

அந்தப் பக்கம் முடிய அரியலூர் வந்துவிட்டது. மறுநாள் நான் கேட்காமலே எனக்கும் சேர்த்து இடம் போட்டு வைத்திருந்தார்.

அதற்குப் பிறகு புத்தகம் பொதுவாகிவிட்டது. ஒருவர் வாங்குவார், இருவரும் படிப்போம். ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தோம். பஸ்ஸைத் தவிர வேறு எங்கேயும் புத்தகத்தைத் திறக்கக் கூடாது. ஒருவர் வீட்டில் முந்திக்கொண்டு படித்துவிட்டால் மற்றவருக்கு ருசி போய்விடும் அல்லவா? வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாதியில் நிற்கிற ஒரு தாசில்தாரின் வாழ்க்கை திங்கட்கிழமை காலை வரை அப்படியே நிற்கும். சனி, ஞாயிறு முழுக்க மாவு அரைக்கும்போதும் துணி மடிக்கும்போதும் அந்த மனிதர் என்ன ஆனாரோ என்று நினைத்துக்கொண்டிருப்பேன். அந்த இரண்டு நாள் தவிப்பிலும் ஒரு சுகம் இருந்தது.

வாழ்க்கை வரலாறு என்றால் பெரிய மனிதர்களுடையது எங்களுக்கு ஆகாது. பெரிய மனிதர்கள் எல்லாவற்றையும் முன்கூட்டியே யோசித்துச் செய்தவர்கள் மாதிரி எழுதுவார்கள். எங்களுக்குப் பிடித்தது, வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பிள்ளைகள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் கேட்காமல், சொந்தக் காசில் அச்சடித்த சாதாரண ஆட்களின் புத்தகம். ஊரில் வருடா வருடம் நடக்கும் புத்தகக் கண்காட்சியில் கடைசி வரிசையில், மேஜைக்கு அடியில் அட்டைப்பெட்டியில் கிடக்கும். ஒரு தலைமையாசிரியர், ஒரு தபால்காரர், லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்த ஒருவர், முப்பது வருடம் பிரசவ வார்டில் இருந்த ஒரு நர்ஸ். பிறப்பு, குலம், கோத்திரம் எல்லாவற்றையும் நாங்கள் தள்ளிவிடுவோம். நேராக நடுவில் இருக்கும் போட்டோக்களுக்குப் போவோம். கல்யாண போட்டோவில் மாப்பிள்ளை ஏன் இப்படி முறைத்துக்கொண்டு நிற்கிறார் என்பதில்தான் எங்கள் படிப்பு ஆரம்பிக்கும்.

இந்த ஆட்கள் வீட்டுச் சண்டை வரும் இடத்தில் மட்டும் வண்டியை வேகமாக ஓட்டிவிடுவார்கள். 'இக்காலத்தில் குடும்பத்தில் சில கருத்து வேறுபாடுகள் எழுந்தன' என்று ஒரே வரி. அடுத்த பத்தியில் பென்ஷன் வந்துவிடும். டீச்சர் அந்த வரியில் விரலை வைத்துப் புத்தகத்தை மூடிவிடுவார்.

"என்னக்கா நடந்திருக்கும்?"

"தங்கச்சிக்குச் செஞ்சிருப்பாரு. பொண்டாட்டிகிட்ட சொல்லியிருக்க மாட்டாரு."

"ம்ஹூம். இது அதவிடப் பெருசு. பாருங்க, அடுத்த அத்தியாயத்துல அந்தம்மா பேரே காணும்."

பேரளி வருவதற்குள் நாங்கள் இருவரும் சேர்ந்து அந்த முழுச் சண்டையையும் போட்டு முடித்திருப்போம். டீச்சர் மனைவிக்குப் பேசுவார், நான் புருஷனுக்குப் பேசுவேன். முன் சீட்டுக்காரர் திரும்பித் திரும்பிப் பார்ப்பார். ஒரு தடவை ஒரு பெரியவர், "யாரும்மா அந்த ஆளு, நம்ம ஊரா?" என்றே கேட்டுவிட்டார்.

அந்த நர்ஸ் எழுதிய புத்தகத்தில் ஒரு இடம் வரும். முதல் சம்பளத்தில் அவர் தனக்கென்று ஒரு நாற்காலி வாங்கினாராம். வீட்டில் அதுவரை பெண்களுக்கென்று நாற்காலி கிடையாது. ஒரு வாரத்தில் அதில் அவருடைய தம்பி உட்கார்ந்துவிட்டான். இதை அவர் குறையாக எழுதவில்லை, நடந்ததை மட்டும் எழுதியிருந்தார். அன்றைக்கு டீச்சர் சிரிக்கவில்லை. வெளியே மக்காச்சோளக் காட்டைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் வந்தார். பிறகு, "எனக்கு நாற்காலிகூட வேணாங்க்கா, இந்த சீட்டு போதும்" என்றார். நான் அவர் கையை ஒரு தட்டுத் தட்டினேன்.

முன்னேற்றப் புத்தகங்களின் சந்தோஷம் வேறு. அவை எங்களைத் திட்டும், நாங்கள் திருப்பித் திட்டுவோம். விடியுமுன் எழுகிறவனே வெற்றி பெறுவான் என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருந்தார். எங்கள் தெருவில் அத்தனை பெண்களும் நாலரை மணிக்கு எழுகிறவர்கள்தான், குழாயில் தண்ணீர் வருவது அப்போதுதான். இதுவரை ஒருத்தியும் கம்பெனி ஆரம்பிக்கவில்லை. முன்பின் தெரியாதவர்களைப் பார்த்துத் தினம் மூன்று பேரிடமாவது புன்னகை செய்யுங்கள் என்றது இன்னொன்று. நான் கண்டக்டரைப் பார்த்துப் புன்னகைத்தேன். அவர் பதறிப்போய், "என்னம்மா, எறங்க வேண்டிய எடம் தாண்டிடுச்சா?" என்று விசிலை எடுத்துவிட்டார். கண்ணாடி முன் நின்று 'நான் தனித்துவமானவள்' என்று இருபத்தொரு முறை சொல்லச் சொன்ன புத்தகத்தை டீச்சர் பள்ளிக்கூடத்து அறையில் சோதித்துப் பார்த்தார். பெருக்க வந்த ஆயா கதவோரம் நின்று கேட்டுவிட்டு, சிறுவாச்சூர் காளி கோயிலுக்குப் போய் ஒரு எலுமிச்சம்பழம் மந்திரித்து வாங்கிக்கொள்ளச் சொன்னாராம். கழுத்தில் ஜெபமாலை போட்டிருந்த டீச்சரிடமே இதைச் சொல்லியிருக்கிறார்.

இவற்றில் எல்லாம் பயிற்சி என்று ஒரு பகுதி இருக்கும். கேள்வியைப் போட்டு, கீழே கோடு கோடாக இடம் விட்டிருப்பார்கள். அதை நிரப்புவது டீச்சருக்குப் பிடித்த வேலை. பென்சிலை எடுத்துக்கொண்டு பஸ் குலுங்கக் குலுங்க எழுதுவார். 'உங்கள் மூன்று பலவீனங்கள் யாவை?' என்று ஒரு கேள்வி. ஒன்று, அக்கா. இரண்டு, அக்கா கொண்டுவரும் புளிசாதம். மூன்று, யோசிக்க விடாமல் அக்கா பேசிக்கொண்டே வருகிறார். இப்படி எழுதிவிட்டு முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு புத்தகத்தை என்னிடம் நீட்டுவார். நான் வாய்விட்டுச் சிரிப்பேன். ஒன்பது வருடத்தில் அவர் எழுதிய எந்தப் பக்கமும் என்னைச் சிரிக்க வைக்காமல் விட்டதில்லை. பிறகு நடந்ததற்கு இதையே நான் சாக்காகச் சொல்லிக்கொள்கிறேன்.

அந்த வருடக் கண்காட்சியில் டீச்சர் ஒரு தடிமனான பயிற்சிப் புத்தகம் வாங்கினார். பாதிக்கு மேல் கோடு போட்ட வெற்றுப் பக்கங்கள்தான். ஒரு புதன்கிழமை சாயங்காலம் திரும்பி வரும்போது, "இத நான் இன்னைக்கு வூட்டுக்கு எடுத்துட்டுப் போறேங்க்கா" என்றார். சட்டத்தை மீறலாமா என்று கேலி செய்தேன். சிரித்துக்கொண்டே பையில் போட்டுக்கொண்டார். வியாழக்கிழமை சாயங்காலம், பஸ்ஸிலிருந்து இறங்கும் நேரத்தில் புத்தகத்தை என் கையில் கொடுத்தார். நடுவில் ஒரு பஸ் டிக்கெட்டை அடையாளம் வைத்திருந்தார்.

"நாளைக்கு நான் லீவுக்கா, ஊருக்குப் போறேன். நீங்க காலையில பஸ்ல படிங்க. திங்கக்கிழமை சொல்லுங்க."

வீட்டில் அந்தப் புத்தகம் என் கைப்பையில் ஒரு ராத்திரி முழுக்க இருந்தது. சட்டம் என்றால் சட்டம் என்று நான் திறக்கவில்லை. என்னைப் போல் ஒரு மடச்சி இருப்பாளா?

மறுநாள் வெள்ளிக்கிழமை. வழக்கமாக எங்கள் பஸ் நிற்கும் இடத்துக்கு ஒரு பஸ் வந்தது. கூட்டம் ஓடியது, நானும் ஓடினேன். முன்னால் மாட்டியிருந்த ஊர்ப் பலகையைப் பார்க்கவில்லை, இத்தனை வருடத்தில் நான் பலகையைப் பார்த்து ஏறியதே கிடையாது. ஜன்னல் வழியாகப் புத்தகத்தை எங்கள் சீட்டில் போட்டுவிட்டுக் கதவுப் பக்கம் போனேன். டிரைவர் கதவை அடைத்துவிட்டு, "யாரும் ஏறாதீங்க, வண்டி ஸ்பெஷல் போவுது, சிறுவாச்சூருக்கு" என்றார். வெள்ளியும் திங்களும் அங்கே காளி கோயிலில் கூட்டம் அலைமோதும். எல்லோரும் விலகினார்கள். ஒரு துண்டுக்காரர் ஜன்னல் வழியாக எக்கித் துண்டை எடுத்துக்கொண்டார். எனக்கு எட்டவில்லை. "டிரைவர், புக்கு, என் புக்கு" என்று நான் கத்தியது அந்த ஹாரன் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. பஸ் வளைந்து வெளியே போய்விட்டது. மெயின் ரோடு வரை ஓடிப் பார்த்தேன்.

ஆபீசுக்குப் போகாமல் சிறுவாச்சூருக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. அன்றைக்கு ஆபீசில் தணிக்கை. சாயங்காலம் அந்த வண்டியின் கண்டக்டரைத் தேடிப் பிடித்தேன். அவர் நல்ல மனிதர், யோசித்துப் பார்த்தார்.

"ஆமாம்மா, ஒரு புக்கு கெடந்துச்சு. வழியில ஏறுன ஒரு அம்மா, கோயில் ஸ்டாப்பிங்ல அத எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிட்டு, பையில வச்சுக்கிட்டு எறங்குனாங்க. அவங்களுதுன்னு நெனச்சேன்."

சனியும் ஞாயிறும் எப்படிச் சொல்வது என்றே யோசித்தேன். புதுப் புத்தகம், அவர் ஆசையாக வாங்கியது, ஒரு ராத்திரி உட்கார்ந்து எழுதியது. தொலைத்துவிட்டேன் என்று சொல்ல வாய் வராது என்று எனக்கே தெரிந்தது. வழக்கம்போல் கிண்டலாக ஏதாவது எழுதியிருப்பார், சிரித்துச் சமாளித்துவிட்டு, புதிதாக ஒரு பிரதி வாங்கி வைத்துவிடலாம் என்று திட்டம் போட்டேன்.

திங்கட்கிழமை டீச்சர் எனக்கு முன்பே வந்து இடம் பிடித்திருந்தார். தலையில் நிறைய கனகாம்பரம். பஸ் ஊரைத் தாண்டும் வரை எதுவும் கேட்கவில்லை. தாண்டியதும் என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"படிச்சீங்களாக்கா?"

"படிக்காம? சிரிச்சுச் சிரிச்சு வயிறே வலிச்சுப்போச்சு டீச்சர்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நானும் சிரித்த முகத்தோடு பார்த்தேன். "சரிங்க்கா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரும் சிரித்தார். "புக்கு வீட்ல இருக்கு, கொண்டாந்து தரேன்" என்று நான் அடுத்த பொய்யையும் சொன்னேன். "வேணாங்க்கா, நீங்களே வச்சுக்கங்க" என்றார். அன்றைக்குக் கையில் வேறு புத்தகம் எதுவும் இல்லை. அரியலூர் வரை வெங்காய விலையைப் பற்றிப் பேசிக்கொண்டு போனோம்.

இரண்டு வாரம் கழித்துச் சொன்னார். கணவருக்கு ஆந்திராவில் வேறு ஆலைக்கு மாற்றலாகிவிட்டதாம், குடும்பத்தோடு போகிறார்களாம், பள்ளிக்கூடத்தில் எழுதிக் கொடுத்தாயிற்றாம். போகாதீங்க என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் வாயிலிருந்து வந்தது என்னவோ, "நல்லதுதான டீச்சர், குடும்பம் ஒண்ணா இருக்கும்" என்பதுதான். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், நானும் சொன்னேன். அவர் தலையாட்டினார். கடைசி நாள் பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். என் பொய்யைக் கண்டுபிடித்துவிட்டார், அதனால்தான் முன்போலப் பேசுவதில்லை என்று நினைத்துக்கொண்டு, அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்கக்கூட முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகும் அதே பஸ்தான், அதே ரோடுதான். புத்தகத்தை ஜன்னல் வழியாகப் போடுகிறேன், இப்போது பலகையைப் பார்த்துவிட்டுப் போடுகிறேன். ஒரு தபால்காரரோ ஒரு நர்ஸோ எழுதிய புத்தகத்தில் 'சில கருத்து வேறுபாடுகள்' என்று வந்தால் தன்னால் பக்கத்தில் திரும்புவேன். யாரோ ஒருவர் போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருப்பார். ஏதோ ஒரு பெண் கடலை கொறித்துக்கொண்டிருப்பார். அந்த நிமிடம் டீச்சருக்காக நான் ஏங்கிய மாதிரி, வெளியூரில் படிக்கிற என் மகனுக்காகக்கூட ஏங்கியதில்லை. இதை என் வீட்டில் சொன்னால் சிரிப்பார்கள். கூடப் பிறந்தவளா, ஒரே தெருவா, ஒன்றும் கிடையாது; பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவள். அவருடைய வீட்டுக்குள் நான் இரண்டு முறைதான் போயிருக்கிறேன்.

போன் நம்பர் இருந்தது. கிறிஸ்துமஸுக்கு நான் படம் அனுப்புவேன், பொங்கலுக்கு அவர் அனுப்புவார். இரண்டு கைகூப்பு, ஒரு பூ. அதற்கு மேல் எழுதுவதற்கு விரல் போகும், அழித்துவிடுவேன். அந்தப் புத்தகத்தின் இன்னொரு பிரதியைக் கண்காட்சியில் வாங்கியும் பார்த்தேன். அச்சில் இருந்த கேள்விகள் எல்லாம் இருந்தன. எந்தக் கேள்விக்குக் கீழே எழுதினார் என்று தெரியாமல் ஒவ்வொரு வெற்றுப் பக்கமாகப் புரட்டிக்கொண்டு போனேன்.

இந்த வருடம் வாங்கிய ஒரு முன்னேற்றப் புத்தகத்தில் ஒரு பயிற்சி இருந்தது. நீங்கள் கேட்க வேண்டிய மன்னிப்பு ஒன்றை இன்றே கேளுங்கள், முதல் வாக்கியத்திலேயே விஷயத்துக்கு வந்துவிடுங்கள் என்று போட்டிருந்தது. பழக்கத்தில் சிரித்தேன். சிரித்துவிட்டு அன்றைக்கு மேற்கொண்டு படிக்கவில்லை. என் வாழ்நாளில் ஒரு முன்னேற்றப் புத்தகம் சொன்னதை நான் உருப்படியாகச் செய்தது அந்த ஒரு நாள்தான். சாயங்காலம் பெரம்பலூரில் இறங்கி, வீட்டுக்குப் போனால் தைரியம் போய்விடும் என்று, பஸ் ஸ்டாண்டு சிமெண்ட் பெஞ்சிலேயே உட்கார்ந்து போன் போட்டேன்.

"அக்கா!" என்றார். அந்தக் குரலைக் கேட்டதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முதல் வாக்கியம் மறந்துவிடுமுன் சொல்லிவிட்டேன்.

"டீச்சர், அந்தப் பக்கத்த நான் படிக்கவே இல்ல."

"எந்தப் பக்கம்க்கா?"

எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளிக்கிழமை, பலகை பார்க்காதது, ஸ்பெஷல் வண்டி, கண்ணில் ஒற்றிக்கொண்ட அம்மா, திங்கட்கிழமை நான் அடித்த பொய். "புக்கு சாமி கும்பிடப் போயிடுச்சா?" என்று டீச்சர் சிரித்தார். ஏழு வருடமாக நான் கேட்கத் தவித்த சிரிப்பு. நானும் சிரித்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தேன். அவர் சிரிப்பு பாதியில் நின்றது.

"அப்ப நீங்க படிக்கவே இல்லியாக்கா?"

"இல்ல டீச்சர். என்ன எழுதியிருந்தீங்க?"

அவர் பக்கம் ஏதோ கதவை மூடுகிற சத்தம் கேட்டது.

"அஞ்சு வருஷம் கழிச்சு எங்க இருக்க ஆசைன்னு ஒரு கேள்வி இருந்துச்சுக்கா. அதுக்குக் கீழ எழுதுனேன். அவருக்கு மாத்தல் வந்துடுச்சு, எனக்குப் போக இஷ்டமில்ல. பாப்பாவுக்கும் இன்னும் ரெண்டு வருஷம் பள்ளிக்கூடம் இருந்துச்சு. தெரிஞ்ச வூடா இருந்தா நீங்க ரெண்டு பேரும் இங்கயே இருங்கன்னு அவரும் சொல்லிட்டாரு. உங்க மாடி வூட்ல குடியிருந்தவங்க காலி பண்ணிட்டத நீங்கதான பஸ்ல சொன்னீங்க? அத எங்களுக்குக் குடுப்பீங்களான்னு கேட்டிருந்தேன்."

நான் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அவரே தொடர்ந்தார்.

"நேருல கேட்டா உங்களால இல்லன்னு சொல்ல முடியாது. அதான் எழுதுனேன். முடியாதுன்னா வாயால சொல்லிச் சங்கடப்பட வேணாம், எப்பவும்போல சிரிச்சுட்டு விட்டுடுங்க, நான் புரிஞ்சுக்கறேன்னு கடைசியில எழுதியிருந்தேன்க்கா."

பெஞ்சில் பக்கத்தில் இருந்த ஒரு அம்மா என்னைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். நான் வாங்கவில்லை.

"டீச்சர், நான் சரின்னு சொல்லியிருப்பேன். ஒரு வார்த்த யோசிச்சிருக்க மாட்டேன். நடுவுல ரெண்டு குடும்பம் வந்துட்டுப் போயிடுச்சு, இப்பவும் மாடி காலியாத்தான் கெடக்கு. வாங்க டீச்சர்."

"நாங்க இங்கயே வூடு கட்டிட்டோம்க்கா. போன மாசம்தான் பாதர் வந்து மந்திரிச்சாரு." டீச்சர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்களக் கூப்புடணும்னு ரெண்டு நாளு போனக் கையிலயே வச்சிருந்தேன். இன்னொரு தடவ உங்களச் சங்கடப்படுத்த வேணாம்னு விட்டுட்டேன்."